பெரணிக்கு விசேஷம் உண்டா?

அக்டோபர் 21

குணா எனக்கு இந்த டைரியைக் கொடுத்தார். அவருடைய ஹார்டுவேர் கடைக்கு சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. "வருஷமே முடியப் போகுது, பக்கமெல்லாம் வீணாப் போகுது திலகா, நீயாச்சும் எழுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் கையால் வாங்கிய முதல் பரிசு. அட்டையில் சிமெண்ட் மூட்டைப் படம் வேறு.

எழுத என்ன இருக்கிறது? பெரியகுளத்து வெயிலில் வளர்ந்தவள், கொடைக்கானல் குளிரில் பல் தந்தியடிக்க நிற்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குத் தாவரவியல். மாலையில் ராஜாமணி அம்மாளுக்கு, அதாவது அத்தைக்கு, மருமகள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஆவணியில் மிச்சமிருந்த நாட்கள் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து சாப்பிட்டே போயின. புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்கு விரதம். விரதம் என்றால் சாப்பாட்டில் மட்டும் இல்லை என்று அத்தை முதல் நாளே இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இப்போது ஐப்பசி. குளிர் ஏறிவிட்டதால் இன்று முதல் எல்லோருக்கும் ஹாலில் படுக்கை. கணப்பு அங்கேதான் இருக்கிறது; மாடி அறை ஐஸ்பெட்டி. இந்தச் சுவரோரம் மாமா, அவருக்கு அடுத்து குணா, அடுத்து அத்தை, அந்தச் சுவரோரம் நான். அத்தைக்கு மூச்சிரைப்பு, அதனால் கணப்புக்கு நேராக நடுவில்தான் படுக்க வேண்டுமாம். மாசி முடிய இப்படித்தான், தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம் என்றார்.

நல்ல கதகதப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 25

அத்தை தம்பி வீட்டுப் பேரிக்காய்த் தோட்டத்துக்குப் போய்வந்தார். தோட்டத்துக்குப் பின்னால் சோலை இறங்குகிற ஓடைக்கரையிலிருந்து ஒரு பெரணியை, அதாவது ஃபெர்ன் செடியை, வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டானாம். அவனை என்ன சொல்லித் திட்டினார் என்பதை டைரியில் எழுத முடியாது.

குடியரசு தினத்தன்று பெண்கள் மன்றத்தில் தொட்டிச்செடிப் போட்டி. போன வருஷம் எதிர்வீட்டு ஃபிலோமினா அக்கா கோப்பையை வாங்கித் தன் வீட்டு ஜன்னலில், எங்கள் வீட்டைப் பார்த்தபடி வைத்திருக்கிறார். அத்தைக்கு அது நெஞ்சில் முள்.

"செடியோட பேரை அட்டையில எழுதி வெக்கணுமாம். நீ கண்டுபிடிச்சுச் சொல்லு. இதுக்குத்தானே அம்புட்டுப் படிச்ச?"

"பாத்துச் சொல்றேன் அத்தே."

"அப்புறம், இதுல நாலு கன்னு வரணும். ஒண்ணை ஃபிலோமினாவுக்குக் குடுக்கணும். அவ கை நீட்டி வாங்கறத நான் பாக்கணும்."

அக்டோபர் 30

செடி பிழைத்துக்கொண்டது. புதுக் கொழுந்துகள் சுருண்டு எழும்புகின்றன. காம்பில் பழுப்புச் செதில்கள். சிற்றிலைகளின் நுனி லேசாகக் குத்துகிறது. இரண்டு பேரினங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பாலிஸ்டிகம் அல்லது டிரையாப்டெரிஸ். எது என்று சொல்ல இலைக்கு அடியில் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு வரிசையாகக் குண்டூசித் தலை மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மூடி உண்டு. மூடி குடை மாதிரி இருந்தால் முன்னது, அவரை விதை மாதிரி இருந்தால் பின்னது. இப்போது எல்லாம் பச்சையாக இருக்கின்றன. பழுக்கட்டும்.

அத்தையிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தபடி, "உனக்கு ஏதும் விசேஷம் உண்டா?" என்றார்.

இல்லை என்றேன்.

நவம்பர் 7

விடிந்ததும் கொல்லையிலிருந்து அலறல். ஓடினேன். அத்தை ஒரு இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். புள்ளிகள் பழுத்துப் பழுப்பாகியிருந்தன.

"சொறி புடிச்சுருச்சு திலகா! பாரு, இலை பூரா! பூச்சி முட்டை வெச்சுருச்சு!"

அது சொறியும் இல்லை, முட்டையும் இல்லை. பெரணி பூக்காது, காய்க்காது. அதன் வம்சம் முழுவதும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் தூளாக இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

"உன்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன். நாளெல்லாம் நின்னுக்கிட்டே பாடம் நடத்துனா வயித்துல எப்படித் தங்கும்? தை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் இல்லேன்னா, பரீட்சையோட எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"இந்தா, பழைய பிரஷ்ஷு. சோப்பு போடாத, இலை கருகிரும். வெறும் தண்ணியில ஒண்ணு விடாம தேய்ச்சு எடு. தெனமும் பாக்கணும்."

"சரிங்க அத்தே" என்றேன். இவ்வளவு பணிவாக நான் இந்த வீட்டில் எதையும் சொன்னதில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அத்தை பார்க்கப் பார்க்க, அவர் சொன்னபடியே, பெரணியின் பிள்ளைகுட்டிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். கழுவிய தண்ணீரைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புச்சுவரில் ஊற்றினேன். அந்தச் சுவர் எப்போதும் சொதசொதவென்றுதான் இருக்கும்.

இரண்டு நாளாக இல்லாத உற்சாகத்தோடு பள்ளிக்கூடம் போனேன்.

நவம்பர் 8

தேய்த்தேன்.

நவம்பர் 10

உற்சாகம் வடிந்துவிட்டது. வேலையை விடச் சொன்னது மனதை அரிக்கிறது. அந்த வேலைக்காக நான் எத்தனை பரீட்சை எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியும். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி நேற்று மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு "டீச்சர், செங்கல் செவரு!" என்று கத்தினாள். அதை விட்டுவிட்டு வந்து இங்கே நான் யாருடைய செங்கல் சுவரைப் பார்ப்பது?

குணாவிடம் பேச வேண்டும். ஹாலில் பேச முடியாது, நடுவில் அத்தை. சமையலறையில் பிடித்தேன்.

"அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கும்."

"பேச்சுக்குன்னா நீங்க ஒரு பதில் பேச்சு சொல்லலாம்ல?"

"சொல்லலாம்தான்" என்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். பிறகு என் தலையில் கை வைக்க வந்தவர், "குணா, கணப்புல ஒரு கட்டை எடுத்துப் போடுய்யா" என்ற குரல் கேட்டதும் போய்விட்டார். நல்ல மனிதர். கட்டையை எடுத்துப் போடுவார்.

நவம்பர் 13

ஒரு திருட்டு வேலை செய்திருக்கிறேன். சுவர்ப் பக்கமாக வளைந்திருந்த ஒரே ஒரு இலையைத் தேய்க்காமல் விட்டிருந்தேன். அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பக்கம் தெரியாது. அதிலிருந்து ஒரு சிற்றிலையைக் கிள்ளி, டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

லென்ஸில் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அச்சு அசல் குடை, நடுவில் காம்பு. பாலிஸ்டிகம்தான். பிறகு ஒரு புள்ளியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விளக்குச் சூடு பட்டதும் அந்தச் சின்னப் பைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்து, சட்டென்று முன்னால் சொடுக்கித் தூளை வீசியடித்தன. தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி. லேபில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். என்ன அவசரம் அதற்கு! எத்தனை பேர் தேய்த்தாலும் நான் போய்ச் சேருவேன் என்கிற பிடிவாதம்.

அத்தையிடம் பெயரை மட்டும் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்தது. குணாவுக்கு மாலை போட்டாயிற்று. அத்தையின் ஏற்பாடு. பேரன் பிறக்க வேண்டும் என்று ஐயப்பனுக்கு வேண்டுதலாம். மகரஜோதி பார்த்துவிட்டு வரும்வரை விரதம். கறுப்பு வேட்டி, தாடி, வெறும் தரை, தனிப் பாய். இனி அவரை நான் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சாமி, சாம்பார் ஊத்தவா?"

"கொஞ்சம் ஊத்துங்க" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். என்னை நிமிர்ந்து பார்த்தால் சிரித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

பேரன் வேண்டுமென்று இப்படி ஒரு ஏற்பாடு. சாம்பார் ஊற்றினேன்.

டிசம்பர் 9

தேய்க்கிறேன். ஊற்றுகிறேன். ஒரு இலையைத் தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த இலை பழுக்கிறது. அத்தை தினமும் இரண்டு சோதனை செய்கிறார். காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பார். குளித்துவிட்டு வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். இலையில் புள்ளி இருந்தால் கோபம், என்னிடம் ஒன்றும் இல்லையென்றால் பெருமூச்சு.

டிசம்பர் 19

இன்று மாலை அத்தை தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து அலுத்துக்கொண்டார். "வாழை கன்னு விடுது, ரோசா ஒட்டு விடுது. இது வந்து ரெண்டு மாசம் ஆகப் போகுது, ஒண்ணையும் காணோம். மலட்டுச் செடி போல."

செடியைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை இந்த வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியாயிற்று. அடுத்த முறை அது எங்கே வந்து விழும் என்று எனக்குத் தெரியாதா? அழுகை வந்தது. துவைக்கிற கல்லுக்குப் போய்த் துணி எதுவும் இல்லாமல் துவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபம் விடவில்லை.

ஜனவரி 3

டைரி தீர்ந்துவிட்டது. ஆனால் முன்பக்க ஜனவரி எல்லாம் காலியாகத்தானே இருக்கிறது! கிழமையை அடித்துத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தடுப்புச்சுவரில் பச்சை படர்ந்திருக்கிறது. பாசி என்று நினைத்துத்தான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றி லென்ஸை எடுத்துவந்து பார்த்தேன். பாசி இல்லை. விரல் நகத்தைவிடச் சின்னதாக, வெங்காயச் சருகைப்போல மெல்லியதாக, ஒவ்வொன்றும் இதய வடிவத்தில். நூற்றுக்கணக்கில். நான் தேய்த்து ஊற்றியவை அத்தனையும் ஒட்டிக்கொண்டு முளைத்திருக்கின்றன.

கொல்லையில் நின்று கும்மியடிக்காத குறை.

ஜனவரி 8

தலைமையாசிரியை ஓய்வறைக்கு வந்தார். "திலகா, உங்க அத்தை மார்க்கெட்டுல பாத்தாங்க. பரீட்சையோட நிக்கிறீங்களாமே? நான் வேற ஆள் பாக்க ஆரம்பிக்கட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன். அப்படியானால் அது பேச்சுக்குச் சொன்னது இல்லை. சாமி நேற்று இருமுடி கட்டிக் கிளம்பிவிட்டார். போனில் சொன்னேன். "நான் வந்ததும் பேசறேன்" என்றார். கூட்டத்தில் சரண கோஷம் கேட்டது. நானும் மனதுக்குள் சரணம் போட்டேன்.

ஜனவரி 12

கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றேன். அத்தை வாளியும் பிளீச்சிங் பவுடருமாகத் தடுப்புச்சுவருக்கு முன்னால் நின்றார். பொங்கலுக்குக் கொல்லையைச் சுத்தம் பண்ணுகிறாராம். "பாசி வழுக்குது, யாராச்சும் விழுந்து வெக்கப் போறாங்க."

"ஊத்தாதீங்க அத்தே!"

நான் போட்ட சத்தத்தில் மாமா தினமணியோடு எழுந்து வந்துவிட்டார்.

"அது பாசி இல்ல. உங்க பெரணியோட புள்ளைங்க."

லென்ஸைக் கொடுத்து, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, சுவர் பக்கம் குனியவைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இலைக்கு அடியில் வந்தது சொறி இல்லை என்றேன். அந்தத் தூள் ஈரத்தில் விழுந்தால் இப்படி இதய வடிவத்தில் முளைக்கும் என்றேன்.

"இது பெரணி மாதிரியே இல்லையே?"

"இது நடுவுல ஒரு தலைமுறை அத்தே. இதுல ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு. ரெண்டும் ஒரே இலைக்கு அடியிலதான் இருக்கும். ஆண் அணு நீந்திப் போய் பொண்ணோட சேரணும். அப்பத்தான் பெரணிக் கன்னு வரும்."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தினமணியை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

"ஒரே இலையில இருக்கறதுக்கு என்னத்துக்கு நீச்சலு?"

"ஒரே இடத்துல இருந்தா மட்டும் போதுமா அத்தே? நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி வேணும். அது இல்லேன்னா, பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் அது அந்தச் செவரோரம், இது இந்தச் செவரோரம்தான்."

இதைச் சொல்லும்போது நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னேன்.

அத்தை குனிந்து சுவரைப் பார்த்தார். நிமிர்ந்து வீட்டுக்குள்ளே, ஹால் பக்கம் பார்த்தார்.

"உனக்கு இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டே தெனமும் தேய்ச்சியா?"

"நீங்கதானே தேய்க்கச் சொன்னீங்க."

"அடிப்பாவி" என்றார். ஆனால் பிளீச்சிங் பவுடர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 13

அத்தை காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று வேலைக்கும் மங்களம் பாடியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தார். தலை நிமிராமலேயே பேசினார்.

"என்னைய ஏழு வருஷம் மலடின்னாங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இதே ஹாலுதான். என் மாமியா நடுவுல படுத்திருப்பா. அதுக்கு மூச்சிரைப்பு கூடக் கிடையாது." இரண்டு காய் உரித்தார். "எட்டாவது வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போனா. போயிட்டு வர்ற வழியில கால் பிசகி ஒட்டன்சத்திரத்துல மகவீட்டுல ஒரு மாசம் தங்கிட்டா. அதுக்கப்புறம்தான் குணா. ஊரே முருகன் குடுத்த புள்ளைன்னுச்சு. நானும் அப்படித்தான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. அந்த ஏழு வருஷத்தில் இவரும் துணியில்லாமல் துவைத்திருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். பிறகு, "மொச்சைய உரி, பொங்கலுக்கு ஆகாது இந்த வேகம்" என்றார்.

ஜனவரி 18

குணா மலையிலிருந்து வந்தார். மாலையைக் கழற்றி, தாடியை எடுத்து, சாமி மறுபடி மனிதரானார். சாப்பிட உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, திலகா வேலை விஷயமா..." என்று ஆரம்பித்தார். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருப்பார் போல.

"அதைவிடு. ஹார்டுவேர் கடை வெச்சிருக்க, வீட்டுல ஒரு ஹீட்டர் உண்டா?"

"எதுக்கும்மா?"

"மாடி ரூமுக்கு. நீங்க ரெண்டு பேரும் இன்னையிலருந்து மேல படுங்க. எனக்கு உங்கப்பா குறட்டை ஒண்ணு போதும்."

"மாசி வரைக்கும் ஹால்லதானேம்மா..."

மாமா தட்டிலிருந்து நிமிர்ந்தார். இந்த வீட்டில் அவர் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. "டேய், போய் ஹீட்டரை எடுத்துட்டு வாடா" என்றார்.

ஜனவரி 19

மாடி அறை அப்படியொன்றும் ஐஸ்பெட்டி இல்லை.

ஜனவரி 27

நேற்றுப் போட்டி. தொட்டியை ஆட்டோவில் கொண்டுபோனோம். இலைகளுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பழுத்திருந்தன. அத்தையின் உத்தரவுப்படி இரண்டு வாரமாக யாரும் தொடவில்லை. ஃபிலோமினா அக்கா குனிந்து பார்த்து, "ஐயோ ராஜாமணி, செடிக்கு நோய் வந்துருச்சே" என்றார்.

"நோயில்ல. மாசமா இருக்கு" என்றார் அத்தை.

நடுவர்களுக்கும் அவரே பாடம் நடத்தினார். குடை, தூள், இதயம் எல்லாம் வந்தது. நீச்சல் வந்ததும் ஒரு நடுவர் அவசரமாக அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஃபிலோமினா அக்காவின் பிகோனியாவுக்கு. அத்தை வீடு வரும்வரை பிகோனியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அதையும் எழுத முடியாது.

பிப்ரவரி 6

எழுத நேரமில்லை.

பிப்ரவரி 14

மூன்றாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் போகிறார். தடுப்புச்சுவரில் நேற்றுத்தான் முதலாவது பெரணிக் கன்று சுருள் விட்டிருந்தது. என்னிடம் இன்னும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தையும் முடிந்து மாசி பிறந்துவிட்டது. சொன்ன கெடு சொன்ன கெடுதான் என்று வந்துவிட்டாரோ? பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு ஓடினேன்.

கதவுக்கு வெளியிலேயே குரல் கேட்டது.

"அன்னைக்கு மார்க்கெட்டுல ஏதோ சொல்லிட்டேன் டீச்சர். அதை மனசுல வெச்சுக்காதீங்க. இவ எங்கயும் நிக்க மாட்டா. இங்கதான் இருப்பா."

"ரொம்ப சந்தோஷம்மா. ஏதாவது விசேஷம் ஆச்சுன்னாதான் நிப்பாங்கன்னு நெனச்சேன்."

"விசேஷம் வர்றப்ப வரும். அதுக்கு லீவு உண்டுல்ல, எடுத்துட்டுத் திரும்பி வருவா." அத்தை என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. "இவ வேலைய விட்டுட்டா இந்தப் பாடத்தை யாரு நடத்துவா? ஆனா டீச்சர், ஒண்ணு சொல்றேன். நீங்க இதைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு நடத்துறது வீண்."

"ஏம்மா?"

"மாமியாளுங்களுக்கு நடத்தணும். எனக்கே முப்பது வருஷம் லேட்டாத்தான் புரிஞ்சுது."